வெல்வெட் பெட்டியில் வந்த அரை கிராம்

போன ஐப்பசியில், அடைமழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்னார்குடியிலிருந்து என் நண்பரின் மகன் வந்திருந்தார். நாணயம் சேர்க்கிறவர், ஆர்வமான பிள்ளை. நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த ஒரு வழவழப்பான தாளை எடுத்து நீட்டினார். வெளிநாட்டில் அடித்த நினைவுத் தங்க நாணயங்கள். மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில், சான்றிதழோடு வீடு தேடி வருமாம்.

"வாங்கலாமா மாமா? சேர்க்கிறவனுக்கு இது பிரயோசனப்படுமா?"

நான் பதில் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து, நீல வெல்வெட் பெட்டிகள் நான்கை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். 2018இல் நானும் அதே மாதிரி ஒரு தாளைப் பார்த்து மயங்கியவன். பன்னிரண்டில் நான்கோடு நிறுத்திக்கொண்டேன். அன்று அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர்.

என் அப்பா கும்பகோணத்தில் பத்தர். அவருடைய பட்டறையில்தான் எனக்குத் தங்கம் பழக்கமானது. பிறகு ஒரு கூட்டுறவு வங்கியில் 31 வருடம் நகை மதிப்பீட்டாளர். சம்பளம் கிடையாது, கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன். 2019இல் விட்டுவிட்டேன். குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்தில் என் மேசைக்கு முன்னால் வரிசை வாசல்படி வரை நிற்கும். சம்பா அறுத்து நெல் போட்ட பிறகு, அதே தோடும் அதே சங்கிலியும் மீட்கப்பட்டு வீட்டுக்குப் போகும். எங்கள் டெல்டாவில் தங்கம் இப்படி வருடா வருடம் வயலுக்கும் வங்கிக்கும் நடந்துகொண்டே இருக்கிற பொருள். அதனால் எந்தத் தங்கத்தைக் கையில் எடுத்தாலும், அவசரத்துக்கு இதை வைக்க முடியுமா, விற்க முடியுமா என்றுதான் என் புத்தி முதலில் போகும். நாணயம் சேர்ப்பது அதற்கு அப்புறம் வந்த ஆசை. ஆனால் அந்த ஆசையும் எனக்குச் சின்னதில்லை, நாற்பது வருடமாக இருக்கிறது.

சரி, பெட்டிக்கு வருவோம். மூடியைத் திறந்தால் உள்ளே பளிங்கு மாதிரி ஒரு வட்டக் கூடு, அதன் நடுவில் நாணயம். 11 மில்லிமீட்டர் அகலம், சட்டைப் பொத்தான் அளவு. எடை அரை கிராம். மாற்று 9999, அதாவது பத்தாயிரத்தில் 9,999 பங்கு தங்கம், அதில் குறையே இல்லை. ஒரு பக்கம் தாஜ்மகால். வேலைப்பாடு அருமைதான், ஆனால் அதைப் பார்க்க எனக்கு நகை பார்க்கும் கண்ணாடி வேண்டும். ஆண்டைப் படிக்கவும் அதே கண்ணாடி வேண்டும். இந்த வகை நாணயங்களில் பலவற்றில் பசிபிக் தீவு நாடு ஒன்றின் பெயர் இருக்கும், அடிப்பது ஐரோப்பிய ஆலையாக இருக்கும். அந்தத் தீவில் இதைக் கொடுத்து யாரும் தேங்காய் வாங்கியிருக்க மாட்டார்கள். கைமாறிக் கைமாறித் தேயும் பிழைப்பு அதற்கு இல்லை. பிறந்ததே பெட்டிக்குள்.

ஒரு நாணயத்துக்கு நான் கொடுத்தது 5,900 ரூபாய். அன்று சுத்தத் தங்கம் கிராம் ஏறக்குறைய 3,100. ஆக உள்ளே இருந்த தங்கம் 1,550 ரூபாய்க்கு. மீதி 4,350 ரூபாய் பெட்டிக்கும், தாளுக்கும், தபாலுக்கும், விற்றவருடைய லாபத்துக்கும், வரிக்கும் போனது. நான்கு நாணயத்துக்கு மொத்தம் 23,600. கையில் வந்த தங்கம் 2 கிராம். அதே பணத்துக்கு அன்றைக்கு வெறும் தங்கம் வாங்கியிருந்தால், மூன்று சதவீத ஜி.எஸ்.டி. போகவும் 7 கிராமுக்கு மேல் வந்திருக்கும். ஒரு சவரனை எட்டிப் பிடிக்கிற தூரம்.

நான் இதை மேசையில் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, காபி கொண்டுவந்த என் மனைவி, "ஏங்க, இப்ப விக்கிற விலைக்கு ரெண்டு கிராம்னா போட்ட காசு வந்துடுச்சே, அப்புறம் என்ன நஷ்டம்?" என்றாள். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விதான் பலரை ஏமாற்றுகிறது. 2018க்குப் பிறகு தங்கம் நான்கு மடங்கு ஏறியதால்தான் போட்ட காசு வந்தது. நாணயத்துக்கு அதில் பங்கில்லை. தங்கம் ஏறிய ஏற்றம், நான் முதல் நாளே தொலைத்த பணத்தை மூடி மறைத்துவிட்டது. நான்கு மடங்கு ஏறியும் போட்டது மட்டும் திரும்பி வருகிறது என்றால், வாங்கிய அன்றே முக்கால் பங்கு போய்விட்டது என்று அர்த்தம். நினைவு நாணயம் வாங்கி லாபம் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், தங்கம் எவ்வளவு ஏறியது என்பதைத் தனியாகக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

"அது சரி மாமா, உலகத்துக்கே 15,000தான்னு சான்றிதழ்ல போட்டிருக்கே. நாள் ஆக ஆக அரிதாயிடாதா?" என்றார் தம்பி. அவர் கேட்டது சேர்ப்பவருடைய கேள்வி. இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவின் பட்டறைக்குக் கல்யாண மாதங்களில் பெண்கள் ராஜா தலை, ராணி தலை போட்ட சவரன் நாணயங்களை முந்தானையில் முடிந்து கொண்டுவருவார்கள். சிலர் வளையம் வைத்துக் காசுமாலைக்குக் கோக்கச் சொல்வார்கள். பாதிப் பேர் உருக்கி வளையலாகவோ அட்டிகையாகவோ செய்யச் சொல்வார்கள். பற்றவைத்த வளையத்தோடு இருக்கும் சவரனை நாணயம் சேர்ப்பவர் தொடமாட்டார், அதன் விலை தங்க விலையாக இறங்கிவிடும். உருக்கியது உருக்கியதுதான். இப்படித் தமிழ்நாடு முழுக்க எத்தனை பட்டறைகளில் எத்தனை ஆயிரம் சவரன் கரைந்திருக்கும்! பழைய நாணயம் அரிதானது அதனால். அதை அரிதாக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பசியும் கல்யாணமும் கடனும் சேர்ந்து அதைக் குறைத்தன. பெட்டியில் வரும் 15,000 நாணயமோ, 15,000 பெட்டிகளில் பத்திரமாக இருக்கும். யாரும் உருக்கமாட்டார்கள், யாரும் தொலைக்கமாட்டார்கள். நூறு வருடம் கழித்தும் ஏறக்குறைய அத்தனையும் பளபளவென்று இருக்கும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 1986இல் சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டுக்கு அங்கே ஐந்து டாலர் தங்க நாணயம் வெளியிட்டார்கள். எடை 8.359 கிராம், நம் சவரனைவிடக் கொஞ்சம் கூட, 90 சதவீதத் தங்கம். ஐந்து லட்சம் அடிக்கலாம் என்று வைத்த வரம்பு, ஏறக்குறைய முழுக்க விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் பேரப்பிள்ளைகளுக்கு என்று எடுத்து வைத்தார்கள். இன்றும் அது பெரும்பாலும் தங்க விலையை ஒட்டியே கைமாறுகிறது. 1997இல் ஜாக்கி ராபின்சன் என்ற பேஸ்பால் வீரருக்கு அதே எடையில், அதே மாற்றில் இன்னொரு ஐந்து டாலர் நாணயம் வந்தது. அதற்குள் இந்த நினைவு நாணய வெள்ளத்தில் சேர்ப்பவர்கள் சலித்துப்போயிருந்தார்கள். மெருகேற்றாத சாதாரண வகையில் விற்றது 5,174 மட்டும். பிற்பாடு அது தங்க விலையைப் போல் பல மடங்குக்குப் போனது. இரண்டிலும் இருப்பது ஒரே தங்கம். கூட்டம் சேர்ந்து வாங்கியது அரிதாகவில்லை, யாரும் திரும்பிப் பார்க்காதது அரிதாகிவிட்டது. ஆனால் எது அப்படி ஆகும் என்று வெளியாகும் அன்று சொல்ல யாராலும் முடியாது. விளம்பரத் தாள் அடிப்பவருக்கு நிச்சயமாக முடியாது.

இப்போது சொல்லப் போவது என் மனதில் பதினோரு வருடமாக உறுத்துகிற விஷயம்.

2014 ஆடி மாதம். நாச்சியார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் இல்லாதவர். லண்டனில் சமையல் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது கொடுத்தது என்று ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து வைத்தார். "தம்பி, இத வச்சுகிட்டு ஒரு பதினஞ்சாயிரம் கொடுத்தா போதும். நாத்தாங்கால் ரெடியா இருக்கு, நடவுக்கு ஆள் சொல்லிட்டேன்."

கூட்டமான நாள். என் கை பழக்கத்தில் வேலை செய்தது. கட்டைவிரலால் கூட்டைத் திறந்தேன், நாணயத்தை எடுத்தேன், விளிம்பை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தேன். மஞ்சள் கோடு விழுந்தது. சுத்தமான 22 காரட். அதற்குப் பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். 2012 சவரன், எலிசபெத் ராணியின் வைர விழா ஆண்டுக்கென்றே சவரனின் பின்பக்கத்தில் இருக்கும் குதிரை வீரனைப் புதிதாக வரைந்து, அந்த ஒரு வருடம் மட்டும் அடித்தது. அதிலும் அது ப்ரூஃப் வகை. மெருகேற்றிய அச்சில் அடித்து, பின்னணி கண்ணாடி மாதிரி முகம் பார்க்கிற அளவுக்கு இருக்கும். அந்தக் கண்ணாடியில் என் கட்டைவிரல் ரேகை இருந்தது. விளிம்பில் கல் தின்ற ஒரு தட்டை இருந்தது.

கடனும் கொடுக்க முடியவில்லை. என் பணிக்காலத்தில் ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கிகளே விற்ற தங்கக் காசுகளை மட்டும்தான், ஒருவருக்கு 50 கிராம் வரை, அடகு பிடிக்கலாம். வெளிநாட்டு நாணயத்துக்கு இடமில்லை. அந்த அம்மா பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். தங்க எடைக்கு விற்றுவிட்டு, நடவை முடித்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. கும்பகோணத்தில் எந்தக் கடையில் கொடுத்திருந்தாலும் தங்க எடைக்குத்தான் எடுத்திருப்பார்கள், அதனால் என் இழுப்பால் அன்று அவருக்குப் பணம் குறையவில்லை. ஆனால் கை படாமல் இருந்திருந்தால், நான் அதை எடுத்துக்கொண்டு திருச்சி நாணயக் கண்காட்சிக்குப் போயிருக்கலாம், அங்கே அந்த ஆண்டின் ப்ரூஃப் சவரனைத் தேடுகிறவர்கள் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். அந்த வழியை நான் அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கூட்டில் வந்த எந்த நாணயத்தையும் கண்ணால் பார்க்காமல் நான் கையால் தொட்டதில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நினைவுத் தங்க நாணயத்தின் விலையில் இரண்டு பங்கு இருக்கிறது. தங்கப் பங்கை எந்த ஊர்க் கடைக்காரரும் கொடுப்பார். மற்ற பங்கைக் கொடுக்க, விஷயம் தெரிந்த ஒரு ஆள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள் எங்கள் கடைத்தெருவில் இல்லை. மயிலாடுதுறையிலும் இல்லை, திருவாரூரிலும் இல்லை. திருச்சி, சென்னை என்று கண்காட்சி நடக்கும் நாள் பார்த்துப் போக வேண்டும். வங்கி தங்கக் காசு விற்கும், திரும்ப வாங்காது. இதையெல்லாம் வாங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

போலியைப் பற்றியும் தம்பி கேட்டார். ஜப்பான் கதையைச் சொன்னேன். 1986இல் அங்கே ஹிரோஹிட்டோ சக்கரவர்த்தி ஆட்சிக்கு வந்து அறுபது ஆண்டு நிறைந்ததற்காக ஒரு லட்சம் யென் முகமதிப்பில், அதாவது நாணயத்தின் மேலேயே பொறித்த மதிப்பில், தங்க நாணயம் அடித்தார்கள். 20 கிராம் சுத்தத் தங்கம். அன்றைய விலையில் அந்தத் தங்கம் முகமதிப்பில் பாதிகூட வராது. மீதி எல்லாம் அரசாங்கத்தின் வாக்குறுதி. இந்த இடைவெளியைப் பார்த்த யாரோ அதே எடையில், நிஜத் தங்கத்திலேயே போலி அடித்து ஜப்பானுக்குள் அனுப்பிவிட்டார்கள். 1990இல் கண்டுபிடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேல். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் உரைகல்லில் அந்தப் போலியை இழுத்தால் அசல் என்றுதான் சொல்லும். தராசும் அசல் என்றுதான் சொல்லும். முகத்துக்காக விலை கொடுக்கும்போது முகத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தின் ஓரம், விளிம்பின் வரிகள், ஆலைக் குறி. மாற்றுப் பார்ப்பது அதில் பாதி வேலைதான். இப்போது கடைகளில் இருக்கும் காரட் மீட்டரும் மேல்தோலைத்தான் படிக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்போ எதையுமே வாங்கக் கூடாதா மாமா?" என்று தம்பி முகம் வாடிவிட்டது. அப்படி இல்லை. நான் வாங்கியதிலேயே மனம் நிறைந்தவையும் உண்டு.

முதலாவது 2013ஆம் ஆண்டு சவரன். இங்கிலாந்தின் அரசு நாணய ஆலையான ராயல் மின்ட்டின் உரிமத்தோடு எம்.எம்.டி.சி.-பாம்ப் ஆலை இந்தியாவிலேயே அடித்தது. எடை 7.988 கிராம், 22 காரட், உள்ளே சுத்தத் தங்கம் 7.32 கிராம். நாம் சவரன், பவுன் என்று நாக்கில் புரட்டுகிற எட்டு கிராம் இந்த நாணயத்திலிருந்து வந்ததுதான். நம் 916 நகைக்கு இருக்கும் மாற்றே இதற்கும், ஆகவே எந்தக் கடையிலும் தகராறு இல்லாமல் எடுத்துக்கொள்வார்கள். தங்க விலைக்கு மேல் கொஞ்சம்தான் கூடுதல் கொடுத்தேன். குதிரையின் கீழே, தரையில், ஆண்டுக்கு மேலே, 'ஐ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து இருக்கிறது. இந்தியா என்பதற்கான ஆலைக் குறி.

அந்த ஒரு எழுத்துக்காகத்தான் வாங்கினேன். அப்பா உருக்காமல் எடுத்து வைத்த ஒரே சவரன் 1918ஆம் ஆண்டுடையது, ஐந்தாம் ஜார்ஜ் தலை. முதல் உலகப் போர் நேரத்தில் பம்பாயில் ராயல் மின்ட் கிளை ஒன்றைத் திறந்து, 1918 என்ற ஒரே ஆண்டைப் பொறித்து ஏறக்குறைய 13 லட்சம் சவரன்கள் அடித்தார்கள். அதிலும் அதே இடத்தில் அதே எழுத்து. "இது நம்ம ஊர்ல அடிச்சதுடா, இதுக்கு வளையம் வைக்க மனசு வரல" என்று அப்பா என் கையில் கொடுத்தார். 95 வருட இடைவெளியில் அதே எழுத்து திரும்பி வந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கு நான் கொடுத்த கூடுதல் பணம் பெரிதில்லை. ஒரு எச்சரிக்கை: நூறு ஆண்டு தாண்டிய நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1918 சவரன் இப்போது அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, இந்திய அரசின் தங்க நாணயம். 2015 நவம்பர் 5ஆம் தேதி பிரதமர் வெளியிட்டது. ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தி. 24 காரட், 999 மாற்று, ஹால்மார்க் முத்திரை, பிரித்தால் தெரிந்துவிடும் உறை. 2016 மகாமகத்துக்கு ஊரெல்லாம் கூட்டமாக இருந்த சமயத்தில், சென்னை போயிருந்த என் தங்கை மகனிடம் சொல்லி 10 கிராம் ஒன்று வாங்கி வரச் செய்தேன். தங்கம் வாங்குபவருக்கு மிக நல்ல பொருள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் இதில் முகமதிப்பு கிடையாது, கணக்கில்லாமல் அடிக்கக்கூடியது. சேர்ப்பவரின் ஆல்பத்தில் ஒன்று இருந்தால் போதும். 999 மாற்றுத் தங்கம் மிக மெத்து, நகம் பட்டாலே தடம் விழும். உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.

மூன்றாவது தங்கமே இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் நான் எழுதி முடிக்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு, 2010 என்று ஆண்டு பொறித்து, இந்திய அரசு அடித்த ஆயிரம் ரூபாய் நாணயம். 35 கிராம், 44 மில்லிமீட்டர், 80 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஆயிரம் ரூபாய்க்கு மேல் முகமதிப்புள்ள நாணயம் இந்தியாவில் அடிக்க முடியாது. அந்த உச்சத்தை நம் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே 28 கிராம் வெள்ளிதான். உலோகக் கணக்குப் பார்த்தால் இதிலும் கூடுதல் கொடுத்துத்தான் வாங்கினேன், அதை மறைக்கவில்லை. ஆனால் ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த பொன்னையெல்லாம் 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்து, இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றி என்று சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்களே, அதைப் படித்தபோது முன்னூறு மைல் தள்ளி இருப்பவருக்கு எப்படியோ, 31 வருடம் தராசின் முன்னால் உட்கார்ந்த எனக்கு அது என் தொழிலின் பழைய கணக்குப் புத்தகம். அந்தக் கோயில் இருக்கும் நாணயத்துக்கு நான் கொடுத்த கூடுதல் எனக்கு வலிக்கவில்லை. தாஜ்மகால் பொறித்த அரை கிராமுக்குக் கொடுத்தது இன்றும் வலிக்கிறது.

இப்படி இந்திய அரசு அடிக்கும் நினைவு நாணயம் வேண்டும் என்றால் அரசு நாணய ஆலையின் இணையதளத்தில் முன்பதிவு திறக்கும்போது நேராகப் பணம் கட்டுங்கள். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா என்று நான்கு ஆலைகள். வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். 2025 ஜூலை 27இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தைப் பிரதமர் வெளியிட்ட மறுநாளே, அது எங்கே கிடைக்கும் என்று என்னிடம் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். அந்தச் சூட்டில் இடைத்தரகரிடம் வாங்குவதுதான் எல்லாவற்றையும்விட விலை கூடிய வழி.

பெரிய எடையில் வெளிநாட்டு நினைவுத் தங்கம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை, வெளியாகும் அன்று வாங்காதீர்கள். பத்து, பதினைந்து வருடம் போகட்டும். முதல் சொந்தக்காரர் சலித்தோ, பணமுடையிலோ கண்காட்சிக்குக் கொண்டுவருவார். அப்போது பெட்டிக்கும் சான்றிதழுக்குமான விலையை அவர் ஏற்கெனவே கட்டி முடித்திருப்பார். தங்க விலைக்குப் பக்கத்தில் கிடைத்தால், கூடு திறக்காமல், சான்றிதழோடு வாங்கிக்கொள்ளுங்கள். கால் கிராம், அரை கிராம் வகையை மட்டும் அப்போதும் வேண்டாம். எடை குறையக் குறைய, விலையில் தங்கத்தின் பங்கு குறைந்துகொண்டே போகும்.

தம்பியின் பட்ஜெட்டுக்கு இன்னொன்றும் சொன்னேன். தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1620இலிருந்து 1845 வரை இருந்தார்கள். அவர்கள் அடித்த செப்புக் காசு, ராஜாவின் பெயரெழுத்தைக் கோத்துப் பொறித்தது, கண்காட்சிகளில் நினைவுத் தங்கத்தின் பெட்டி விலைக்கே கிடைக்கிறது. ராஜராஜன் செப்புக் காசு அதைவிட எளிது, ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் நாகரியில் ஸ்ரீராஜராஜ. இந்தக் காசுகளைக் கொடுத்து இதே ஊர்களில் அரிசியும் எண்ணெயும் வாங்கியிருக்கிறார்கள். மண்ணில் புதையலாகக் கண்டெடுத்தது என்று யாராவது சொல்லி விற்றால் மட்டும் ஒதுங்கிவிட வேண்டும், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது அரசிடம் தெரிவிக்க வேண்டிய பொருள். ரசீது கொடுக்கும் வியாபாரியிடம் வாங்கினால் போதும். தம்பி தன் ஆல்பத்தைத் திறந்து, பெரிய கோயில் ஐந்து ரூபாய் நாணயத்தைக் காட்டினார். மன்னார்குடிப் பேருந்தில் நடத்துனர் கொடுத்த சில்லறையில் வந்ததாம். அதே 2010 வரிசை, மஞ்சள் உலோகம், விளிம்பெல்லாம் தேய்ந்திருந்தது. அதை எடுத்துக் காட்டும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை, அந்த விளம்பரத் தாளை நீட்டும்போது இல்லை.

மழை விட்டதும் அவர் கிளம்பினார். தாளை என் மேசையிலேயே விட்டுவிட்டார்.

என் நான்கு அரை கிராமுக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. தை மாதம் சுவாமிமலையில் சின்னப் பேத்திக்குக் காது குத்து. நான்கையும் கூட்டிலிருந்து எடுத்து, அப்பாவிடம் தொழில் கற்ற பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் தராசில் வைத்துப் பார்த்தார், 2.00 என்று காட்டியது. "சுத்தத் தங்கம், அப்படியே தோடு செஞ்சா வளையும். கொஞ்சம் செம்பு சேர்த்துக்கலாமா அண்ணே?" என்று கேட்டார். சேர்க்கச் சொன்னேன். காலியான நான்கு நீலப் பெட்டிகளையும் பெரிய பேத்தி வாங்கிக்கொண்டாள். பல்லாங்குழிச் சோழிகளை அதில் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறாள்.